நிழல் விட்டுப்போன இடம்

போன மாதம் கள்ளக்குறிச்சி அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் போன் செய்தார். கச்சிராயபாளையம் சாலையில் மரங்களுக்குப் புதிதாக எண் போட்டுக்கொண்டு போகிறார்களாம். எதற்கென்று நான் கேட்கவில்லை. வெட்டுவதற்கு என்று பதில் வந்தால் எனக்குப் பிடிக்காது. "சார், ரெண்டு பக்கமும் வரிசையா புளியமரம் வருது. ஒரே ஒரு இடத்துல மட்டும் இருநூறு மீட்டர் தூரத்துக்கு மரமே இல்ல. அப்புறம் மறுபடி ஆரம்பிக்குது. பழைய ஆளுங்களக் கேட்டா ஒங்க பேரச் சொல்றாங்க. அங்க மண்ணு சரியில்லைங்களா?" என்றார்.

"மண்ணு தங்கமான மண்ணுப்பா. அந்த வருஷத்து பட்ஜெட்தான் சரியில்ல" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அதே வாரம் ஓய்வுபெற்றோர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்கு 'அரசின் செலவும் நாட்டின் வளர்ச்சியும்' என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார். தலைப்பைக் கேட்டதுமே எனக்குக் கொட்டாவி வந்தது. வளர்ச்சி, நிலைத்தன்மை என்பதையெல்லாம் படித்துத் தேறியவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது ஒரு கோடைக்காலமும் மரமில்லாத அந்த இடமும்தான். போனில் சொன்னதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, தபால்காரரைத் தினமும் முறைத்துக்கொண்டிருந்து கடைசியில் கிடைத்த வேலை. ரோடு ரோலருக்குப் பின்னால் நடப்பதும், ஜல்லிக் குவியலை அளப்பதும், தார் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று கண்ணைக் கசக்குவதுமாக முதல் சில வருஷங்கள் ஓடின. ஊர் ஊராக மாற்றிவிட்டு ஒருவழியாகக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார்கள். அப்போது எங்கள் மாவட்டத் தலைநகரம் கடலூர். ஒரு கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை அடிவாரம் வரை போகிற சாலை என் பொறுப்பில் இருந்தது. மலை ஏறப்போகிறோம் என்பது தெரியாமலே அடிவாரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம், அவ்வளவு நிழல். எல்லாம் புளியமரம். ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு, இடுப்பளவுக்குச் சுண்ணாம்புப் பட்டை உண்டு. வருஷா வருஷம் காய் ஏலம் விடுவோம், அந்த வரவு அரசாங்கத்துக்குப் போகும். ஏலம் எடுத்த வியாபாரி மாசி, பங்குனியில் ஆள் வைத்து உலுக்குவார். புளியின் ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலை சாலையோர ஊர்களில் இருக்கிற பெண்களுடையது. வயலில் அறுப்பு முடிந்துவிட்டால் அடுத்த மழை வரைக்கும் அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. கோடையில் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது புளியால்தான்.

எண்பதுகளின் பின்பாதியில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்தபோது எங்கள் பக்கம் சாலை சாலையாக மறியல். பஸ் இல்லை, லாரி இல்லை. மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். வெட்டியவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. சாலை வேலை பார்க்கும் எங்கள் கேங் ஆட்களின் தம்பிகள், மச்சான்கள். படிப்பும் வேலையும் கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன். ஆனாலும் நான் சுண்ணாம்பு அடிக்க வைத்த மரம் தரையில் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மறியல் ஓய்ந்ததும் கோடாலியும் தாம்புக்கயிறும் எடுத்துக்கொண்டு போய்ச் சாலையைத் திறந்தோம். எப்போதும் எதையாவது பாடிக்கொண்டே வேலை வாங்கும் கண்ணுசாமி மேஸ்திரி அன்றைக்குப் பாடாமலே கயிற்றை இழுத்தார். சாய்ந்து கிடந்த கிளைகளில் பிஞ்சு பிடித்திருந்தது.

அப்போது எங்களுக்கு உதவிக் கோட்டப் பொறியாளராக இருந்தவர் சிவஞானம் சார். தெற்கத்திக்காரர், ஒல்லி, குரல் உயராது. அவரிடம் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தை மறக்கமாட்டார்கள். எந்தக் கேள்வியையும் அவர் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை பதிலுக்காக. இரண்டாவது தடவை, அந்தப் பதில் மாறுகிறதா என்று பார்ப்பதற்காக. "குழி எவ்வளவு ஆழம் எடுத்தீங்க?" என்பார். சொல்வோம். கொஞ்ச தூரம் நடந்து, மலையைப் பார்த்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு, "எவ்வளவு ஆழம்னு சொன்னீங்க?" என்பார். அந்த இடைவெளியில் வியர்க்காத ஆளை நான் பார்த்ததில்லை. அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு அவரே குழிக்குள் இறங்கி நிற்பார். குழியின் விளிம்பு அவருடைய பாதித் தொடைக்கு வந்தால் சரி. வராவிட்டால் திட்டமாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குப் பேசாமல் திட்டியே தொலைத்திருக்கலாம் என்றிருக்கும்.

விழுந்த மரங்களை அளந்து விறகுக்கும் பலகைக்கும் ஏலம் விட்டு முடித்ததும், வேரடிக் கட்டைகளைத் தோண்டி எடுத்துவிட்டு அங்கெல்லாம் புதுக்கன்று நடுவதற்கு மதிப்பீடு தயாரிக்கச் சொன்னார். நான் கட்டை எடுக்க, குழி வெட்ட, கன்று நட என்று எழுதிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு, "தண்ணி யாரு ஊத்துவா?" என்று கேட்டார்.

"மழை பாத்துக்கும் சார்."

வேறு எதையோ பேசிவிட்டு மறுபடி கேட்டார். "தண்ணி யாரு ஊத்துவாங்கன்னு சொன்னீங்க?"

நான் பேனாவை எடுத்தேன். "கன்னு நட்டுப் போட்டோ எடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. ரெண்டு கோடைக்குத் தண்ணி ஊத்தற கூலியையும் சேர்த்து எழுதுங்க. புளி உடைக்கற பொம்பளைங்களுக்கு வர்ற கோடையில உடைக்கப் புளி இல்ல. அவங்களையே போடுங்க" என்றார். அதற்கு முன்னால் மதிப்பீடு என்பதை வெறும் கணக்காகத்தான் நான் பார்த்திருந்தேன். யாருடைய கோடைக்கு என்ன வழி என்று யோசித்து எழுதப்பட்ட மதிப்பீட்டை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

ஒப்புதல் வந்தது. ஆனால் அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான். மீதியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிமலைப் பக்கத்து நாற்றங்காலிலிருந்து கன்றுகளை லாரியில் இறக்கினோம். ஐப்பசியில் ஒரு நல்ல மழை விழுந்த ஈரத்தில் நட்டோம். அதோடு அந்த வருஷத்து மழை எங்களை மறந்துபோனது. கார்த்திகை காய்ந்தது. தை பிறப்பதற்குள் கோமுகி அணையில் தரை தெரிய ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர் ஊற்ற வந்த பெண்களில் பாக்கியம் என்பவர் தனியாகத் தெரிவார். முப்பது வயதிருக்கும். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். கிணறு ஓரமாக இருக்கிற இடங்களை மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள, கிணறே இல்லாத ஒரு ஃபர்லாங்கை, அதாவது இருநூறு மீட்டரை, இவர் எடுத்துக்கொண்டார். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். கண்ணுசாமி மேஸ்திரி பக்கத்துப் பங்குக்காரப் பெண்ணிடம் பாக்கியத்தைக் காட்டி, "அந்தக் கல்லுலேர்ந்து சின்னப் பாலம் வரிக்கும் ஒன்னுது, பாலத்துலேர்ந்து அந்தாண்ட அவளுது" என்று பிரித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் நானும் சில நாள் சிவஞானம் சாரும் பார்வையிடப் போவோம். சார் ஆள்காட்டி விரலைக் கன்றின் அடியில் மண்ணுக்குள் விடுவார். விரல் முழுக்க ஈரம் பட்டால் அடுத்த கன்றுக்கு நகர்வார். பாதி விரலோடு நின்றால் கூப்பிடுவார். பாக்கியம் ஊற்றிய தண்ணீர் ஒரு நாளும் பாதி விரலில் நின்றதில்லை. "இன்னா சார், ஒங்க புள்ளைங்களுக்குப் பால் குடுத்தாச்சி. நாங்க வூட்டுக்குக் கெளம்பலாமா?" என்று அந்த அம்மாள் கேட்கும்போது சிவஞானம் சார் முகத்தில்கூடச் சிரிப்பு வரும்.

வாரக்கூலி கொடுத்த மறுநாள் அடிவாரத்தில் சந்தை. நானும் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். மலையிலிருந்து சாமையும் கடுக்காயும் மரவள்ளியும் தலைச்சுமையாக இறங்கும். கூலி தொடங்குவதற்கு முன்பு ஒரு சந்தையில், சாமை மூட்டையை விரித்து வைத்திருந்த மலைக்காரர் ஒருவர் பொழுது சாய்ந்ததும் அப்படியே கட்டித் திரும்ப மலைக்குத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். கூலி வந்த பிறகு மத்தியானத்துக்குள் அவர் கடை காலி. சாமை விற்ற கையோடு அவர் கருவாட்டுக் கடையில் நின்றார், கருவாட்டுக்காரர் துணிக்கடையில் நின்றார். ஒருநாள் சிவஞானம் சாரும் என்னோடு வந்தார்.

"அந்தச் சாமையை யாரு வாங்குனா?" என்றார்.

"நம்ம பாக்கியந்தான் சார்."

"பாக்கியத்துக்குப் பணம் ஏது?"

"நம்ம எஸ்டிமேட்டுதான் சார்."

வெறும் கூடையோடு மலைப் பாதையில் ஏறிக்கொண்டிருந்த அந்த மனிதரைக் காட்டினார். "அப்ப நம்ம எஸ்டிமேட் மலை ஏறிப் போகுது, பாருங்க" என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுவாகத்தான் இருக்கும். நான் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இதற்கு நடுவில் ஒன்று கண்ணில் பட்டது. கன்றுகளைச் சுற்றி ஆடு கடிக்காமலிருக்க முள் கட்டியிருந்தோம். அந்த முள்ளில் கலர் கலராகத் துணிக் கிழிசல். ஒரு பெண்ணின் பங்கில் எல்லாக் கன்றிலும் பச்சை, இன்னொருவர் பங்கில் மஞ்சள், பாக்கியம் பங்கில் பூப்போட்ட ஊதா. ஆட்டை மிரட்டக் கட்டியிருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ரவிக்கைத் துணியைப் பார்த்து மிரளுகிற ஆடு எந்த ஊரில் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

மார்ச் மாதம் எங்கள் துறையில் எல்லாருக்கும் கால் தரையில் பாவாது. வருஷம் முழுக்க வராத பணம் அந்த மாதத்தில் வந்து, செலவழி, செலவழி என்று துரத்தும். ஏப்ரல் பிறந்தால் அதே பணம் எங்கே போனது என்று தெரியாது. அந்த ஏப்ரலில் கூடவே ஒரு சிக்கன உத்தரவும் வந்தது. மழை பொய்த்து வருவாய் குறைந்துவிட்டதால், மறு உத்தரவு வரும்வரை தினக்கூலிப் பணிகளை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார்கள். பணமில்லாத வருஷத்தில் சிக்கனம் சரிதானே என்று எனக்குத் தோன்றியது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து கூலி கிடையாது, பெண்களை நின்றுவிடச் சொல் என்றேன். அவரும் போய்ச் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மலைச்சாலையைப் பார்த்துவிட்டு ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். சாயங்கால வெயில். சாலையோரத்தில் பாக்கியம் தலையிலும் இடுப்பிலுமாகக் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் மற்ற பெண்கள். கன்றுகள் எல்லாம் பச்சையாக நின்றன.

"கூலியை நிறுத்திட்டதா சொன்னீங்களே?" என்றார் சிவஞானம் சார்.

"நிறுத்திட்டோம் சார்."

ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லி இறங்கினார். "கூலி கெடையாதுன்னு மேஸ்திரி சொன்னாராம்மா?"

"சொன்னாருங்க."

"அப்புறம் ஏன் ஊத்துறீங்க?"

பாக்கியம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எங்களை விநோதமாகப் பார்த்தார். "எம் மரத்துக்கு நான் ஊத்திக்கறேன். அதுக்குக் கூலி இன்னாத்துக்கு சார்?"

அப்போதுதான் எனக்கு அந்தத் துணிக் கிழிசல் விளங்கியது. அந்தப் பக்கத்து ஏரிக்கரைகளில் புளிய மரம் வைத்து வளர்த்தவர்களுக்கு வருவாய்த் துறை மரப்பட்டா கொடுத்திருந்தது. இடம் அரசாங்கத்துடையது, காய் மட்டும் வளர்த்தவருக்கு. சாலை மரம் அப்படி இல்லை, அது எங்கள் துறைக்குச் சொந்தம், காய் ஏலத்துக்குத்தான் போகும். இந்தப் பெண்களுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. 'இது ஒன்னுது, அது அவளுது' என்று மேஸ்திரி பிரித்துக் கொடுத்ததும், தண்ணீர் ஊற்றி வளர்க்கிறவளுக்கே மரம் என்று முடிவு கட்டி, அடையாளத்துக்கு அவரவர் துணியைக் கட்டிவிட்டார்கள்.

"மூத்த பொண்ணு கண்ணாலத்துக்கு இது காய்ச்சிடும் சார். ஏரிக்கரையில எங்க பெரிம்மாவுக்கு ரெண்டு மரம் கீது. அத வச்சித்தான் காலத்த ஓட்டிக்கினு கீது" என்றார் பாக்கியம்.

சிவஞானம் சார் மண்ணுக்குள் விரலை விட்டார். முழுக்க ஈரம். எழுந்து வந்து ஜீப்பில் உட்கார்ந்துவிட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. "சார், ஒரு வார்த்த. நாம எதுவும் சொல்லல, அவங்களா நெனச்சிக்கினாங்க. ரெண்டு மாசம் வுட்டுட்டா மழை வந்துடும், மரம் பொழச்சிக்கும். அப்புறமா சொல்லிக்கலாம்" என்றேன்.

"அப்புறம்னா எப்போ?"

"மரம் காய்க்கறப்ப சார்."

"அப்ப அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருப்பாங்க" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பணமில்லன்னா இல்லன்னு சொல்ற உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. ஆள் தப்பா நெனச்சிட்டு உழைக்கறத வேடிக்கை பாக்கற உரிமை கெடையாது. இன்னொண்ணு யோசிங்க. கூலியில்லாம தண்ணி ஊத்துறாங்கன்னு மேல தெரிஞ்சா, அப்ப கூலியே தேவையில்லன்னுதான் எழுதுவாங்க. அடுத்த வருஷமும் வராது."

இறங்கிப் போய்ச் சொன்னார். எல்லாப் பெண்களையும் சாலையோரத்தில் கூட்டி வைத்து, இது ஏரிக்கரை இல்லை, மரம் உங்களுக்கு வராது, காய் ஏலத்துக்குத்தான் போகும், கூலிக்கு நான் முயற்சி செய்கிறேன், கிடைக்குமா என்று தெரியாது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொன்னதைக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் சொன்னார். யாரும் சண்டை போடவில்லை. பாக்கியம் குடத்தில் மீதியிருந்த தண்ணீரை அந்தக் கன்றுக்கே ஊற்றினார். ஊதாத் துணியை முள்ளிலிருந்து எடுத்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். "சரிங்க சார். மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் சாலையில் ஒரு குடமும் இல்லை.

அந்த வாரமே சிவஞானம் சார் கடலூருக்குக் கிளம்பினார். நான் கூடப் போனேன். மேல் அலுவலகத்தில் கணக்கைப் பார்க்கிற அதிகாரி பொறுமைசாலி. காப்பி வரவழைத்தார். "வருமானம் கொறஞ்ச வருஷத்துல வீட்டுல என்ன பண்ணுவோம் சிவஞானம்? செலவைக் கம்மி பண்ணுவோம். அரசாங்கமும் அதைத்தான் பண்ணுது" என்றார்.

"வீடு செலவைக் கொறச்சா வீட்டுக்கு மிச்சம் சார். இந்த வருஷம் எங்க பக்கம் எல்லா வீடும் கொறச்சிட்டாங்க. சந்தையில வாங்க ஆளில்ல. அரசாங்கமும் சேர்ந்து கையை மடக்கிக்கிட்டா, அங்க விக்கிறவனும் போவான், வாங்கறவனும் போவான். அடுத்த வருஷம் நமக்கு வரி யார்கிட்டேருந்து வரும்? நல்ல மழை பெஞ்ச வருஷத்துல எங்களைக் கட்டுப்படுத்துங்க, நான் கேக்கமாட்டேன். இது குடுக்க வேண்டிய வருஷம்."

"நீங்க சொல்றது புரியுது. ஆனா எல்லாருக்கும் குடுக்க கஜானாவுல இருக்கணுமில்ல? உத்தரவு மாநிலத்துக்கே போட்டது. அதுல ஒங்க சந்தை இல்ல."

"செலவழிச்ச பணத்தையாவது காப்பாத்துங்க சார். குழி வெட்டி, கன்னு நட்டு, மூணு மாசம் ஊத்தியாச்சு. இப்ப நிறுத்துனா அத்தனையும் வீண். பாதியில விட்ட செலவுதான் சார் வீண் செலவு."

அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். மனுவை வாங்கி மற்ற காகிதங்களுக்கு மேலே வைத்தார். வறட்சி நிவாரணத்தில் சேர்க்க முடியுமா பார்க்கிறேன் என்றார்.

பார்த்தார். ஆனால் அதற்குள் சித்திரை போய் வைகாசியும் பாதி போய்விட்டது. இதற்கிடையில் சந்தைக்குப் போன நான் பழைய காட்சியை மறுபடி பார்த்தேன். சாமைக்காரர் பொழுது சாய்ந்ததும் மூட்டையைக் கட்டினார். கருவாட்டுக்காரர் வரவே இல்லை. சாலையில் நிறுத்திய கூலி மலை மேலே ஓர் அடுப்பை அணைத்திருந்தது. அதை எந்த உத்தரவிலும் எழுதமாட்டார்கள்.

கூலி திரும்ப வந்தபோது கன்றுகளைப் பார்க்கப் போனோம். நான் எதிர்பார்த்ததற்கு மாறாகப் பெரும்பாலும் உயிரோடு இருந்தன. கிணற்றோரப் பெண்கள், மரம் நமக்கில்லை என்று தெரிந்தும், துணி துவைத்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கொண்டுவந்து ஊற்றியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "வாடறதப் பாத்துக்கினு எப்பிடி சார் போறது?" என்று சலித்துக்கொண்டார்கள். கிணறு இல்லாத அந்த ஒரு ஃபர்லாங்கில் மட்டும் எல்லாம் விறகுக் குச்சி. சிவஞானம் சார் விரலை விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே இறங்கவில்லை.

"பாக்கியம் எங்க?" என்று கேட்டார்.

"புருஷனோட பெங்களூரு போய்ட்டாங்க சார். புள்ளைங்களும்தான்" என்றார் கண்ணுசாமி.

கொஞ்ச தூரம் நடந்தோம். நான் காத்திருந்தேன். அந்தக் கேள்வியை மட்டும் அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அங்கே மறுபடி நடுவதற்கு அடுத்த வருஷம் பணம் ஒதுக்கவில்லை. அவரும் மாற்றலாகிப் போனார். பிறகு வந்தவர்களுக்கு வேறு வேலை இருந்தது. அவரோடு நான் மனசுக்குள் ரொம்ப நாள் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மரங்களும் நின்றிருக்கும் அல்லவா? அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் நிழல் விட்டு வெயில் மேலே விழுகிற இடத்தில் இந்தச் சண்டை தொடங்கும், நிழல் வந்ததும் அடங்கிவிடும். எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்தேன். நினைத்தால் ஏக்கமாக இருப்பது அவரை மட்டும்தான்.

ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு கல்யாணத்துக்காகக் கள்ளக்குறிச்சியில் டவுன் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டிலிருந்த நரைத்த தலை திரும்பியது. "ரோட்டு இன்ஸ்பெட்டர் சார்தான?"

பாக்கியம். பெங்களூரில் சித்தாள் வேலை பார்த்து, பிள்ளைகளைக் கரையேற்றி, முடியாமல் போனதும் ஊருக்கே வந்துவிட்டாராம். மூத்த பெண்ணுக்கு அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் போய்விட்டார். பேசிக்கொண்டே வந்தோம். இரண்டு பக்கமும் புளி காய்த்துத் தொங்கியது. அந்த இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு சார் சொல்லாம இருந்திருந்தா, ஒன் மரமும் இப்படி நின்னிருக்குமில்லம்மா?"

"நின்னிருக்கும். நீங்க ஏலம் வுட்டிருப்பீங்க. நான் ஓரத்துல நின்னு பாத்துக்கினு இருந்திருப்பேன்" என்றார். பிறகு, "அவுரு சொன்னது தப்பில்ல சார். அவுரு ஒருத்தர்தான் சொன்னாரு. கூலிய நிறுத்துனாங்க பாருங்க, அதான் சார். இன்னொரு ரெண்டு மாசம் குடுத்திருந்தா நான் எதுக்குப் பெங்களூரு போறேன்? ஏலம் போனா போவுது, புளி ஒடைக்கிற வேல எனக்குத்தான வந்திருக்கும்" என்றார்.

சின்னப் பாலம் தாண்டியது. வெயில் பளீரென்று எங்கள் இரண்டு பேர் மடியிலும் விழுந்தது. நான் அவசரமாக ஜன்னல் ஷட்டரை இறக்கக் கை வைத்தேன்.

"வுடுங்க சார்" என்றார் பாக்கியம், முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு. "என்னுது கொஞ்ச தூரந்தான்."